பல்பை அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது

கேள்வி: அண்ணே, எங்கள் ஊர் குளச்சல் பக்கம். படகின் பின்னால் மாட்ட அப்பா வாங்கிய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சின் வைத்திருக்கிறோம். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. வயது இருபதைத் தாண்டிவிட்டது. காலையில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். மெதுவாகப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போனால் இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றுவிடுகிறது. ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பை நாலைந்து தடவை அமுக்கினால் மறுபடி ஓடும். கொஞ்ச நேரத்தில் அதே கதை. இப்போதெல்லாம் ஒருவர் பல்பை அமுக்கிக்கொண்டே வரத்தான் கரை சேர்கிறோம். இரண்டு மெக்கானிக்குகள் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் உதிரிபாகக் கிட்டும் மாற்றிவிட்டார்கள். இனி புதுக் கார்பரேட்டர்தான் என்கிறார்கள். வாங்கலாமா? பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் வரும் கோளாறு என்றும் ஒருவர் சொல்கிறார். பெட்ரோலுக்குச் சின்னக் கேன், மண்ணெண்ணெய்க்கு 25 லிட்டர் கேன், இரண்டும் ஒரு காக்கில் (திருப்பும் வால்வில்) சேர்ந்து, அதன் பிறகு பல்பு, பிறகு எஞ்சின் என்று வைத்திருக்கிறோம்.

வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தம்பி, புதுக் கார்பரேட்டர் வாங்காதீர்கள். பழசையும் இனிக் கழற்ற விடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பல்பை அமுக்கினால் எஞ்சினுக்கு உயிர் வருகிறது என்கிறீர்களே, அப்படியானால் கார்பரேட்டர் வந்த எண்ணெயை (எரிபொருளைத்தான் எண்ணெய் என்கிறேன்) ஒழுங்காகத்தான் செலவழிக்கிறது. அதற்கு எண்ணெய் வந்து சேரவில்லை என்பதுதான் கோளாறு. கார்பரேட்டருக்குள் எண்ணெய் விடும் சின்னத் துளையான மெயின் ஜெட் அடைத்திருந்தால் முழு வேகம் கொடுத்த முதல் நிமிடத்திலேயே இழுவை இருக்காது. பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திணறாது. பல்பை எத்தனை முறை அமுக்கினாலும் அடைத்த ஜெட் திறக்கவும் செய்யாது.

கரன்ட் கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தீப்பொறிக்குக் கரன்ட் தரும் இக்னிஷன் காயில் சூடேறிப் போனால் எஞ்சின் சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும், அல்லது ஒரு சிலிண்டர் விட்டுப்போய் சத்தமே மாறிவிடும். பல்பு அதற்கு மருந்தில்லை. திணறி, இழுத்து, மெல்ல அடங்குவது எண்ணெய்ப் பஞ்சத்தின் குணம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அடுத்த முறை திணறத் தொடங்கும்போது பல்பைத் தொடாமல் காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். ஒரு நொடியாவது எஞ்சின் எழும்பினால் எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் மோசமாகி அமுங்கினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு வியாதி.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பல்பை அமுக்கிக்கொண்டே வரும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்புத் தரும் ஆயில் தனி வழியில் வருவதில்லை, எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும். அதுவும் முழு வேகத்தில், சூடு உச்சத்தில் இருக்கும்போது குறைகிறது. திணறும் ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் காய்ந்த சிலிண்டரில் உரசுகிறது. இப்படியே ஒரு சீசன் ஓட்டினால் ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு ஆகும் செலவுக்குப் பக்கத்தில் கார்பரேட்டர் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை. கீழே சொல்லும் சோதனைகளுக்குத் தவிர, கோளாறு தீரும்வரை பாதி வேகத்துக்கு மேல் போகாதீர்கள், கரையைவிட்டுத் தூரமாகவும் போகாதீர்கள்.

இனித் தேடலாம். பெரும்பாலான மெக்கானிக்குகள் எஞ்சினில் தொடங்கிக் கேனுக்கு வருவார்கள். கேனை ஒரு பொருட்டாக நினைக்காதவர்களும் உண்டு. நீங்கள் கேனில் தொடங்கி எஞ்சினை நோக்கி வாருங்கள். அதற்கும் முன்னால், எஞ்சின் திணறும் அந்த நேரத்தில் பல்பு எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அமுக்குவதற்கு முன் கவனிக்க வேண்டும், அதுதான் முக்கியம். எல்லோரும் எஞ்சின் திணறியதும் பாய்ந்துபோய் அமுக்கிவிடுகிறார்கள், சாட்சி கலைந்துவிடுகிறது. ஒருவரைப் பல்பைப் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள், கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பல்பு இரண்டு பக்கமும் ஒட்டி, காய்ந்த மாங்கொட்டை மாதிரி சப்பையாகக் கிடந்தால் எஞ்சினின் எரிபொருள் பம்ப் நன்றாக இழுக்கிறது, பல்புக்கு முன்னால், அதாவது கேன் பக்கத்தில், ஏதோ தடுக்கிறது. உருண்டையாகவே இருந்து, அமுக்கும்போது உள்ளே களகளவென்று சத்தம் வந்து, கெட்டியாவதற்குப் பல அமுக்குகள் பிடித்தால் எங்கிருந்தோ காற்றை இழுக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. உருண்டையாக, எண்ணெய் நிறைந்து, ஓரிரு அமுக்கிலேயே கல் மாதிரி ஆனால் பல்புவரை சரக்கு வந்துவிட்டது, அதற்கு அப்பால் உள்ள ஃபில்டரோ பம்ப்போதான் குற்றவாளி. கடலில் ஐந்து நிமிடக் கவனிப்பு, தேட வேண்டிய இடத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிடும்.

உங்கள் கதையைப் படித்ததும் என் சந்தேகம் முதலில் போனது கேன் மூடிக்குத்தான். எஞ்சின் கேனில் இருந்து எண்ணெயை எடுக்க எடுக்க, அந்த அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் கேனுக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். எஞ்சினில் இருப்பது சின்னப் பம்ப், அதன் இழுவைக்கு ஓர் எல்லை உண்டு. கணக்கைப் பாருங்கள். 9.9 டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குடிக்கும். பத்து நிமிடத்தில் முக்கால் லிட்டருக்கு மேல். 25 லிட்டர் கேனை நிரப்பி மேலே 2 லிட்டர் காற்றிடம்தான் விட்டிருக்கிறீர்கள் என்றால், மூடி வழியே காற்றே போகாதபோது, அந்த முக்கால் லிட்டர் வெளியேறியதும் உள்ளழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதே கேன் பாதி காலியாக இருந்தால் அதே முக்கால் லிட்டருக்கு ஆறு சதவீதம்கூடக் குறையாது. ஆகவே இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும்: கேன் நிறைந்திருக்கும்போது சீக்கிரம் நிற்கிறதா, பாதிக் கேனில் தாமதமாக நிற்கிறதா? ஆம் என்றால் மூடிதான், வேறு எங்கும் போக வேண்டாம். மெதுவாக ஓடும்போது தொல்லை இல்லாததற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். குடிப்பது குறைவு, முழுதாக அடைபடாத துளை வழியே கசியும் காற்றே அதற்குப் போதும்.

சோதிப்பது சுலபம். எஞ்சின் திணறும்போது பல்பைத் தொடாமல் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, கேனின் வயிறு பழைய வடிவுக்குத் திரும்பி, எஞ்சினும் தானாக எழுந்துகொண்டால் முடிந்தது கதை. கம்பெனி டேங்காக இருந்தால் மூடிமேல் இருக்கும் காற்றுத் திருகை யாராவது மூடி வைத்திருப்பார்கள், அல்லது உப்பேறி அடைத்திருக்கும். சாதாரணக் கேனாக இருந்தால் மூடியில் ஆணியால் போட்ட துளை இருக்கும். அலைத்தண்ணீர் உள்ளே தெறிக்காமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார்கள். நம் கரையில் பாதிப் படகுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் எஞ்சின் இழுக்க இழுக்கக் கவர் துளைக்குள் உறிஞ்சப்பட்டு அதை அடைத்துவிடும். தண்ணீரும் போகக்கூடாது, காற்றும் போக வேண்டும் என்றால் துளையில் ஒரு சின்னக் குழாயைப் பொருத்தி, வாய் கீழே பார்க்கும்படி வளைத்து விடுங்கள். போதும்.

மூடி குற்றமற்றது என்று தெரிந்தால் கேனுக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயை வெளியே எடுங்கள். அதன் அடியில் ஒரு சல்லடை இருக்கும். மண்ணெண்ணெய் டிரம்மின் அடிக்கசடு, துரு, கேனின் பிளாஸ்டிக் சீவல், சில சமயம் ஈரமான நார் மாதிரி ஒன்று, எல்லாம் அதில் அப்பியிருக்கும். குழாயை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள், மேல்பாதியில் மயிரிழை விரிசல் இருந்தால் இளநீரை ஓட்டை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். இதற்குத் தனி அடையாளம் உண்டு. கேன் நிறைந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும், எண்ணெய் மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் நிற்கும். மூடிக் கோளாறுக்கு நேர் எதிர். அதனால்தான் நிறைந்த கேனா பாதிக் கேனா என்று அவ்வளவு வற்புறுத்திக் கேட்டேன்.

அடுத்து காக். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் சேரும் இந்த இடத்தை உங்கள் இரண்டு மெக்கானிக்குகளும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். காக்கின் உள்ளே இருக்கும் அடைப்பான் தேய்ந்திருந்தால், மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்பிய பிறகும் பெட்ரோல் பக்கத்து வாய் முழுதாக மூடாது. சின்னக் கேனில் பெட்ரோல் இருக்கும்வரை அதையும் சேர்த்துக் குடித்துக்கொண்டு ஓடும், உங்களுக்குத் தெரியாது. பெட்ரோல் தீர்ந்ததும் அந்த வழியாகக் காற்று வரும். பத்துப் பதினைந்து நிமிடம் என்ற உங்கள் கணக்குக்கு இதுவும் பொருந்துகிறது. கிளம்பும்போது இருந்த பெட்ரோல் கரைக்குத் திரும்பியதும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால், மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் பெட்ரோல் ஹோஸைக் காக்கில் இருந்து கழற்றி, அந்த ஹோஸின் வாயையும் காக்கின் பெட்ரோல் வாயையும் அடைத்துவிட்டு ஓட்டுங்கள். எஞ்சின் திணறவில்லை என்றால் புதுக் காக் ஒன்று வாங்கினால் போதும். ஹோஸைக் கழற்றும்போது பெட்ரோல் சொட்டும். படகில் அடுப்போ பீடியோ எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஹோஸ், கனெக்டர், பல்பு. இந்த மூன்றிலும் வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது. என் பட்டறைக்கு வந்த ஒரு ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தது, கையில் வளைத்தால் விரிசலில்லை. நீளவாக்கில் கத்தியால் பிளந்து பார்த்தால், உள்ளே இருந்த மெல்லிய தோல் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து, நாக்கு மாதிரி படுத்துக் கிடந்தது. மெதுவாக இழுத்தால் எண்ணெய் அதன் பக்கவாட்டில் வழிந்து போகும். வேகமாக இழுத்தால் நாக்கு எழுந்து வழியை அடைத்துவிடும். வாயால் ஊதிச் சோதித்தால் நன்றாகவே காற்று போகும், ஊதுகிற திசை மாறினால் இன்னும் நன்றாகப் போகும். அதனால் பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஹோஸை ஆராய்ந்துகொண்டு நேரம் கழிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். எரிபொருளுக்கென்று விற்கும் ஹோஸே வேண்டும். தண்ணீர் ஹோஸும் மீன்தொட்டிக் குழாயும் மண்ணெண்ணெயில் ஊறி உப்பி, சூட்டில் தொய்ந்து, வளைவில் ஒடியும்.

காற்றுக் கசிவுக்கு இன்னொரு குணம் உண்டு. அது வெளியே சொட்டாது. அந்த இடத்தில் எஞ்சின் இழுக்கிறது, தள்ளவில்லை. எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். சொட்டு இல்லை, ஆகவே கசிவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான குழாயைத் தற்காலிகமாகக் கோத்து ஓட்டிப் பாருங்கள். குமிழிகள் தொடர்ந்து ஓடினால் காற்று வருகிறது. கேன் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு இணைப்பாக இறுக்கிக்கொண்டே வாருங்கள், எந்த இணைப்பில் குமிழி நிற்கிறதோ அங்கேதான் கசிவு. பெரும்பாலும் கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங்காக (ரப்பர் வளையமாக) இருக்கும். உப்பும் வெயிலும் சேர்ந்து அதைப் பட்டையாக்கிவிடும். மாற்றும்போது உங்கள் எஞ்சின் கம்பெனிக்கு உரிய கனெக்டரையே வாங்குங்கள், யமஹாவுடையது சுசுகிக்குச் சேராது. சேருகிற மாதிரி கம்பி வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் காற்று வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பல்பில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்யுமுன் அமுக்கும்போது எஞ்சின் பக்கத்து முனை மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள், உள்ளே இருக்கும் வால்வுகள் அப்போதுதான் ஒழுங்காக உட்காரும். அமுக்கிக் கெட்டியான பல்பு, எஞ்சின் ஓடாதபோது, ஐந்து நிமிடத்தில் தொளதொளத்துப் போனால் வால்வோ இணைப்போ எங்கோ விடுகிறது. எஞ்சின் மூடியைத் திறந்தால் கார்பரேட்டர் வாயில் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வழிந்திருந்தால் எண்ணெய் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு பிடிக்கவில்லை, அப்போது மட்டும் கார்பரேட்டரைத் திட்டலாம்.

சந்தேகம் எங்கே என்று இன்னும் புரியாவிட்டால் இருக்கவே இருக்கிறது குறுக்கு வழி. உங்கள் எஞ்சின் கம்பெனியையே வைத்திருக்கும் பக்கத்துப் படகுக்காரரிடம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய கேன், ஹோஸ், பல்பு எல்லாவற்றையும் சேர்த்து அரைமணி நேரத்துக்குக் கடன் வாங்குங்கள். உங்கள் படகில், உங்கள் சுமையோடு, முழு வேகத்தில் ஓட்டுங்கள். பிஸ்டனைப் பற்றி நான் மேலே சொன்னதை மறக்காமல், திணறலின் முதல் அறிகுறியிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். திணறவே இல்லையென்றால் கோளாறு எஞ்சினுக்கு வெளியே. திணறினால் உள்ளே. எந்த மெக்கானிக்கும் இந்தச் சோதனையை முதலில் செய்தால் பாதி ஸ்பேனர் வேலை மிச்சம். கரையில் தண்ணீர் டிரம்முக்குள் வைத்து ரேஸ் கொடுத்துப் பார்ப்பது இதற்கு உதவாது. சுமை இல்லாமல் எஞ்சின் அவ்வளவு எண்ணெய் கேட்காது, கோளாறும் முகம் காட்டாது.

உள்ளே என்றால் முதலில் எஞ்சின் மூடிக்குக் கீழே இருக்கும் சின்ன ஃபில்டர், அடுத்து எரிபொருள் பம்ப். இந்தப் பம்புக்கு மோட்டார் கிடையாது. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் என்ற அறையில், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பே அதன் டயாஃப்ரத்தை, அதாவது மெல்லிய சவ்வை, அடித்துக்கொண்டிருக்கிறது. சில மாடலில் கார்பரேட்டரோடு ஒட்டியிருக்கும், சிலவற்றில் பிளாக்கில் தனியாக இருக்கும். வருடக்கணக்கில் மண்ணெண்ணெயில் ஊறிய டயாஃப்ரம் அட்டை மாதிரி விறைத்துவிடும், அல்லது தொய்ந்து அலை அலையாகிவிடும். மெதுவான ஓட்டத்துக்கு அது தரும் எண்ணெய் போதும், முழு வேகத்துக்குப் போதாது. கார்பரேட்டர் கிட் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பம்ப் கிட் வேறு, அதை மாற்றினார்களா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றென்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

கழற்றுமுன் பம்பின் அடுக்குகளுக்குக் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். மறுபடி சேர்க்கும்போது எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்று குழப்பம் வராது. டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தால் ஓட்டை. ஓட்டை விழுந்தால் எண்ணெய் அந்த வழியாக நேரே கிராங்க்கேஸுக்குள் போகும். ஆகவே துடிப்பு எடுக்கப்படும் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மட்டும் நனைந்து கறுத்திருக்கும், இன்னொன்று காய்ந்திருக்கும், புகையும் கூடும். பம்பைச் சந்தேகிக்க அந்த இரண்டு பிளக்குகளே போதுமான சாட்சி. புதுக் கிட் போடும்போது கேஸ்கட்டில் சிலிக்கான் பசை தடவாதீர்கள். பிதுங்கி உள்ளே போய் வால்வில் ஒட்டினால் மறுபடி முதலில் இருந்து வரவேண்டும்.

எத்தனால் விஷயத்துக்கு வருகிறேன். சொன்னவர் சொன்னது பாதி உண்மை, ஆனால் உங்கள் கோளாறுக்கு அது நேர்க் காரணமாகத் தெரியவில்லை. உங்களுக்குத் தொல்லை மண்ணெண்ணெயில் ஓடும்போது வருகிறது, மண்ணெண்ணெயில் எத்தனால் கிடையாது. ஆனால் ஸ்டார்ட்டுக்கு வைத்திருக்கும் பெட்ரோல் விஷயத்தில் கவனம் வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோலில் 2022 ஜூனிலேயே சராசரி 10 சதவீத எத்தனால் வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவியது. அவுட்போர்ட் எஞ்சின் கம்பெனிகள் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பவை. அதிலும் உங்கள் எஞ்சின் எத்தனாலைக் கேள்விப்படாத காலத்தது. பழைய ரப்பரையும் ஹோஸின் உள்தோலையும் எத்தனால் உரிக்கும். கேனில் வருடக்கணக்கில் படிந்த பிசினைக் கரைத்துக்கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். நான் மேலே சொன்ன நாக்கு மாதிரி உரிந்த ஹோஸுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இன்னொரு ஆபத்து தண்ணீர். எத்தனால் கடற்காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலில் இருந்து பிரிந்து கேனின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்தான். நீங்கள் கலந்த ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஆயிலே இல்லாத சரக்கை எஞ்சின் குடித்தால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஓரிரவு வையுங்கள், இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்தக் கேனை எஞ்சினுக்குக் காட்டாதீர்கள். சின்னக் கேனில் ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம், இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இரவில் மூடியை இறுக்கமாக மூடி, காலையில் ஓட்டும்போது காற்றுத் துளையைத் திறங்கள். இந்தப் பெட்ரோலிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம்தானே என்று வெறும் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மண்ணெண்ணெயையும் அதே மாதிரி பாட்டிலில் வைத்துப் பாருங்கள். மானியத்தில் வாங்கி டிரம்மில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். டிரம்மின் அடியை எப்போதும் துழாவாதீர்கள், கடைசி இரண்டு லிட்டர் அங்கேயே இருக்கட்டும். கேனுக்கும் பல்புக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று பொருத்திக்கொள்வது நல்லது. ஆனால் அதைப் பொருத்திவிட்டு மறந்தால் அதுவே அடுத்த அடைப்பாகிவிடும்.

ஆயில் அளவை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும் அவுட்போர்ட் ஆயிலையே வாங்குங்கள். பைக்குக்கு விற்கும் டூ-டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது, தண்ணீரில் குளிரும் எஞ்சினில் கரியும் சாம்பலும் சேர்க்கும். விகிதம் உங்கள் எஞ்சின் புத்தகத்தில் இருக்கும், பெட்ரோலுக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கு ஒன்று என்று வேறு வேறாக இருக்கிறதா எனக் கவனித்துப் படியுங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 30-க்கு 1 என்றால் 33 மில்லி. மூடியால் அளப்பதை விட்டு, மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலையில் இரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறதென்றால் கரைக்கு வரும்போது கடைசி சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றித்தான் அணைக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். ஜூன், ஜூலையில் கடல் பொங்கி எஞ்சினைக் கரையேற்றும்போது மட்டும் இன்னும் ஒரு படி மேலே போய், தண்ணீர் டிரம்மில் நிறுத்தி, பெட்ரோலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸைக் கழற்றி, மெதுவான ஓட்டத்திலேயே கார்பரேட்டரில் இருப்பது தீர்ந்து நிற்கும்வரை விடுங்கள். ஜெட் அடைப்பதே கிடப்பில் போடும் அந்த மாதங்களில்தான். எப்போதாவது உண்மையிலேயே அடைத்தால், கம்பியை நுழைக்க விடாதீர்கள். ஜெட் பித்தளை, ஒரு கீறலில் துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதினால் போதும்.

முதலில் மூடியையும் காக்கையும் பாருங்கள், ஒரு ரூபாய் செலவில்லாத வேலை. அதற்குமேல் ஹோஸ், பல்பு, பம்ப் கிட் என்று மூன்றையும் மாற்ற நேர்ந்தாலும் உங்களிடம் கேட்கும் கார்பரேட்டர் விலையைத் தொடாது. அப்படியும் தீராவிட்டால் எழுதுங்கள். திணறும்போது பல்பு சப்பையா உருண்டையா, நிறைந்த கேனில் சீக்கிரமா பாதிக் கேனில் சீக்கிரமா, இரண்டு பிளக்கும் என்ன நிறம், இந்த மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பிளக்கை முழு வேகத்தில் ஓட்டி அப்படியே அணைத்துவிட்டு, எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் கழற்றிப் பார்க்க வேண்டும். மெதுவாக ஊர்ந்து கரைக்கு வந்தபின் பார்த்தால் எல்லாப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும்.